கேஸ் எங்கே போகிறது?

சித்திரை பிறந்து கத்திரி தொடங்குவதற்குள் சென்னையில் ஏ.சி. மெக்கானிக்கின் கைபேசிக்கு ஓய்வே இருக்காது. இன்று சொன்னால் நாளை மாலை வருவார். வந்ததும் ரிமோட்டை வாங்கி 16-இல் வைப்பார். கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு பால்கனிப் பக்கம் எட்டி அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டுவார். முள் கொஞ்சம் கீழே நிற்கும். "கேஸ் கம்மியா இருக்கு சார். டாப்-அப் பண்ணிட்டா சரியாயிடும்." இரண்டாயிரமோ மூவாயிரமோ கைமாறும். அன்றிரவு அறை குளிரும். அடுத்த சித்திரையில் அதே முள், அதே வசனம்.

வீட்டுக்காரர் அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு?

ஏ.சி.க்குள் இருக்கும் வாயு எரிவதில்லை, தேய்வதில்லை, பழசாகித் தீர்ந்துபோவதும் இல்லை. மூடிய குழாய் வட்டத்துக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. இதே தத்துவத்தில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு நாம் வருஷாவருஷம் கேஸ் போடுவதில்லை. தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடி அனுப்பும் ஃபிரிட்ஜைப்போல ஸ்ப்ளிட் ஏ.சி. வருவதில்லை என்பது உண்மை. அதன் குழாய்கள் நம் வீட்டில்தான் இணைக்கப்படுகின்றன. இணைப்பு சரியாக இல்லாவிட்டால் கசியலாம். ஆனால் கசிந்தால் கசிந்த இடம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். அதைத் தேடாமல் மேலும் வாயுவை நிரப்புவது வைத்தியம் ஆகாது. கசிவே இல்லையென்றால் வாயு குறையவும் இல்லை. அப்படியும் முள் ஏன் கீழே நிற்கிறது? அதற்கு எந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஏ.சி. குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆவி திரவமாகும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இப்போது விற்பனையாகும் வீட்டு ஏ.சி.களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்-32 வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும். சுமார் 11 பார் அழுத்தத்தில் 10 டிகிரியில் கொதிக்கும். சுமார் 31 பாரில் 50 டிகிரியில். இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் ஏ.சி.யின் மொத்தப் பிழைப்பும் நடக்கிறது. இன்டோர் காயிலுக்குள் வாயு குறைந்த அழுத்தத்தில் கொதித்து, அதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிடமிருந்து பிடுங்குகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி உயர் அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அவுட்டோர் காயிலில் அது 50 டிகிரியில் மறுபடி திரவமாகி, உள்ளே வாங்கிய வெப்பத்தையும் கம்ப்ரசர் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து வெளிக்காற்றில் விடுகிறது. மே மாத மதியம் 40 டிகிரி வெயிலிலும் அறையின் வெப்பத்தை வெளியே தள்ள முடிவது, காயில் வெயிலைவிடச் சூடாக இருப்பதால்தான்.

கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதைப் போன்ற வேலை இது. கிணற்றில் மட்டம் இறங்கினாலும் செலவு கூடும், தொட்டியை இன்னொரு மாடி மேலே தூக்கி வைத்தாலும் செலவு கூடும். ஏற்றுகிற தண்ணீர் அதேதான்; உயரம்தான் மாறுகிறது. ஏ.சி.யில் இந்த உயரம் என்பது இரண்டு காயில்களின் வெப்பநிலை வித்தியாசம்.

அந்த உயரத்துக்கு என்ன விலை என்பதை 1824-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ தொடங்கிவைத்த கணக்கிலிருந்து பெறலாம். உள் காயிலின் வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி, இரண்டு காயில்களின் வித்தியாசத்தால் வகுத்தால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை பங்கு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்பது கிடைக்கும். சுத்தமான ஏ.சி.யில் உள் காயில் 10 டிகிரி, வெளிக் காயில் 48 டிகிரி என்று வையுங்கள்: 283-ஐ 38-ஆல் வகுத்தால் 7.4. அதே ஏ.சி.யில் இரண்டு பக்கமும் தூசி அடைந்து, உள்ளே 4, வெளியே 56 என்று ஆகிவிட்டால் 277-ஐ 52-ஆல் வகுக்க வேண்டும்: 5.3. அதே குளிர்ச்சிக்கு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் மின்சாரம். இது குறையே இல்லாத கற்பனை எந்திரத்தின் கணக்கு. கடையில் வாங்கும் ஏ.சி. முழு வேகத்தில் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனால் சரிவு போகும் திசை அதேதான். எந்தப் பாகமும் பழுதாகாமல், வாயு ஒரு துளியும் குறையாமல், வெறும் தூசியால் வரும் சரிவு இது.

இப்போது கேஜின் முள்ளுக்கு வரலாம். இன்டோர் காயிலின் மேல் போதுமான காற்று ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் வாயுவுக்குக் கொதிக்க வேண்டிய வெப்பம் கிடைக்காது. கம்ப்ரசரோ இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் இறங்கும், கேஜ் அதைக் காட்டும். அதாவது, வாயு குறைந்தாலும் முள் இறங்கும், ஃபில்டர் அடைத்தாலும் முள் இறங்கும். ஃபில்டரைக் கழுவாமல் கேஜை மாட்டிப் பார்த்து "கேஸ் கம்மி" என்று தீர்ப்புச் சொல்வதில் உள்ள கோளாறு இதுதான். அப்படி நிரப்பிய ஏ.சி.யைப் பிறகு யாராவது ஒழுங்காகச் சுத்தம் செய்தால், அளவுக்கு மேல் இருக்கும் வாயு முழுதாக ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குள் போகும். ஆவியை அமுக்கத்தான் கம்ப்ரசர். திரவத்தை அமுக்க முடியாது. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் நிலைமை இன்னும் சிக்கல். கம்ப்ரசரின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் அழுத்தமும் மாறும். அதில் வெறும் முள்ளைப் பார்த்துச் சொல்வது ஏறக்குறைய ஜோசியம். முதலில் சுத்தம், பிறகு சோதனை. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

சுத்தம் என்றால் எதை? 10-க்கு 12 அடி, பத்தடி உயரமுள்ள படுக்கையறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. அத்தனை காற்றையும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தன் வழியாக இழுத்துவிடுகிறது. போர்வையின் பஞ்சு, தலைமுடி, தெருத்தூசி, சாம்பிராணிப் புகை, ஹாலில் மாட்டிய ஏ.சி. என்றால் அடுக்களையிலிருந்து வரும் தாளிப்புப் புகை எல்லாம் அதற்குள் போய் வருகின்றன. முன்மூடியைத் தூக்கினால் தெரியும் இரண்டு வலைகள்தான் ஃபில்டர். அவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, திரும்ப மாட்டும்போது ஓரத்தில் சந்து விழும். அந்தச் சந்து வழியாகத் தூசி நேரே காயிலுக்குப் போகும். காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே ஒன்றரை மில்லிமீட்டர்கூட இடம் இருக்காது. குளிர்ந்து ஈரமாக இருக்கும் அந்த இடுக்கில் எண்ணெய்ப் பசையோடு தூசி சேர்ந்தால் களிம்பாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டு பிரஷ்ஷுக்கு மசியாது.

பெரும்பாலோர் பார்க்காத இடம் இன்னொன்று. காற்று வெளிவரும் வாயில் உள்ள மடல்களை, ஏ.சி.யை மெயினில் அணைத்துவிட்டு, விரலால் மெல்லக் கீழே தள்ளி, கைபேசி டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓர் உருளை தெரியும். அதுதான் புளோயர். அதில் வரிசையாக இருக்கும் மெல்லிய இறகுகளின் உட்குழிவில் கறுப்பாக, ஈரப் பஞ்சு மாதிரி ஏதாவது அப்பியிருந்தால், உங்கள் ஏ.சி. பாதிக் காற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இறகின் வளைவுதான் காற்றைத் தள்ளுகிறது. குழிவு நிரம்பிவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சத்தம் வருமே தவிர காற்று வராது. ஃபில்டரைத் தவறாமல் கழுவும் வீட்டிலும் இது சேரும். "முன்ன மாதிரி காத்து வர்றதில்ல" என்ற புகாருக்குப் பல வீடுகளில் காரணம் இந்தக் களிம்பு. காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வெட் சர்வீஸ் வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ தேவைப்படுவது இதற்காகத்தான். புளோயரை விட்டுவிட்டுக் காயிலுக்கு மட்டும் தண்ணீர் அடித்தால் பாதி வேலை. ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அலுமினியம் ஆசிட்டிலும் கரையும், காஸ்டிக் சோடாவிலும் கரையும். அன்றைக்குப் பளபளக்கும், பிறகு பொடியாக உதிரும்.

காற்று மேலும் குறைந்தால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய், அதன் மேல் படியும் நீர் உறைந்து பனிக்கட்டியாகும். பனி காற்றை இன்னும் அடைக்கும், அதனால் இன்னும் பனி. காலையில் ஏ.சி.யிலிருந்து கட்டிக்கட்டியாக விழுகிறது என்று பயந்துபோய் அழைப்பவர்கள் உண்டு. கம்ப்ரசரை நிறுத்தி ஃபேன் மோடில் ஓரிரு மணி நேரம் ஓட்டினால் உருகிவிடும். கத்தியால் சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும். அப்போது கேஸ் நிஜமாகவே போய்விடும்.

சென்னைக்காரரின் ஏ.சி. செய்யும் வேலையில் ஒரு பங்குதான் குளிர்விப்பது. மிச்சம் தண்ணீர் இறைப்பது. ஜூன் மாத மாலை 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மேலே சொன்ன அந்த ஒரே அறையின் காற்றில் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல். உடம்பில் வியர்வை காயாததற்கும், மின்விசிறிக்கடியிலும் கசகசப்பதற்கும் காரணம் அதுதான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர்கூலர் சித்திரை மதியத்தில் வேலூரில் ஓரளவு பலன் தரும்; கடற்கரை ஓரத்தில் புழுக்கத்தைக் கூட்டும். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏ.சி.யை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல, ஓர் அச்சகத்துக்காக. ஈரக் காற்றில் தாள் விரிந்து சுருங்கியதால் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அவர் தீர்க்க வந்த சிக்கல் வெயிலைவிட ஈரம்தான்.

நீராவி தண்ணீராகும்போது லிட்டருக்கு சுமார் 0.68 யூனிட் வெப்பத்தைக் காயிலில் கொட்டும். முழு மூச்சில் ஓடும் ஒன்றரை டன் ஏ.சி. தன் சக்தியில் கால் பங்கை இதற்குச் செலவிட்டாலே மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் வடியும். அத்தனையும் காயிலுக்கடியில் உள்ள தட்டில் விழுந்து, விரல் தடிமனுள்ள குழாய் வழியாகப் போக வேண்டும். தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாசியும் பூஞ்சையும் வளர்ந்து அந்தக் குழாயை அடைக்கும். சுவரில் கோடாகத் தண்ணீர் இறங்குவதும், ஏ.சி. போட்டதும் அழுக்குத் துணி நாற்றம் வருவதும் இதன் விளைவுகள். இரவு அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் விட்டால் காயில் காய்ந்துவிடும். பூஞ்சைக்கு இடம் குறையும். புதிய மாடல்கள் சில இதைத் தாமே செய்துகொள்கின்றன. வடியும் தண்ணீரைச் சிலர் சேர்த்து வைத்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள். காய்ச்சி வடித்த நீர்தானே என்ற கணக்கு. காயிலிலிருந்து உலோகத் துணுக்கும் தூசியும் அதில் வருவதால் பேட்டரிக்கு அது நல்லதல்ல. செடிக்கு ஊற்றலாம், மாப் போடலாம்.

ஈரம் நீக்குவது இவ்வளவு முக்கியமாக இருப்பதால், "பெருசாவே வாங்கிப் போடுவோம்" என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும். ஒரு டன் போதுமான அறையில் இரண்டு டன்னை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் காற்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். சில்லென்று இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். டன் என்ற இந்த அளவுக்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம்தான் ஒரு டன் குளிர்ச்சி, சுமார் 3.5 கிலோவாட். எந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சி பனிக்கட்டியாகத்தான் விற்பனையானது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனியைக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, 1842-இல் மெரினாவில் ஒரு கிடங்கு கட்டினார். பின்னாளில் விவேகானந்தர் 1897-இல் தங்கிய ஐஸ் ஹவுஸ் அதுதான். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 1,360 கிலோ பனிக்கட்டி உருகும் வேலையைச் செய்கிறது. டியூடரின் காலத்தில் அதை அனுபவிக்கக் கவர்னராக இருந்தாலும் கட்டுப்படியாகியிருக்காது.

இனி வெளியே. அவுட்டோர் யூனிட்டை நாம் வைக்கும் இடங்களைப் பார்த்தால் அதன் மேல் நமக்கு ஏதோ பகை என்று தோன்றும். அடுக்குமாடியின் குறுகிய சந்துகளில் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறேழு யூனிட்டுகள், ஒன்று விட்ட சூடான காற்றை அடுத்தது இழுத்துக்கொண்டு நிற்கும். மேல்மாடி வீட்டின் யூனிட் 34 டிகிரி இரவிலும் 42 டிகிரிக் காற்றில் வேலை செய்யும்; கிணறு அதே ஆழம், தொட்டி இரண்டு மாடி மேலே. அழகுக்காக முன்னால் ஜாலி வைத்து அடைப்பதும், பால்கனி மூலையில் தள்ளி மேலே பழைய அட்டைப்பெட்டி அடுக்குவதும் இதே பலனைத்தான் தரும். யூனிட்டுக்கு நிழல் நல்லதுதான். ஆனால் காற்றோட்டம் அதைவிட முக்கியம். நிழலுக்காகக் காற்றை அடைப்பதைவிட வெயிலில் விடுவது மேல்.

புறா கூடு கட்டும். அணில் காப்பு நுரையைக் கடித்து எடுத்துப் போகும். தடித்த குழாயின் மேல் இருக்கும் கறுப்பு நுரை வெயிலில் சில ஆண்டுகளில் தானாகவும் உதிரும். அறைக்குள் போக வேண்டிய குளிர்ச்சி அங்கே தெருவுக்குப் போகிறது. நுரையை மாற்றச் செலவு அதிகமில்லை. பல்லி, எலக்ட்ரானிக் போர்டின் சூட்டுக்காக உள்ளே ஒதுங்கி, இரண்டு முனைகளுக்கு நடுவே குறுக்காகப் படுத்து, தானும் போய் போர்டையும் கொண்டுபோகும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் இந்த விபத்து நம் ஊரில் சாதாரணம். வயர் நுழையும் துளைகளை அடைத்து வைத்தால் தவிர்க்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக் காற்று அவுட்டோர் காயிலைத் தின்னும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாக அலசிவிட்டால் ஆயுள் கூடும். கழிவுநீர்க் கால்வாய்க்குப் பக்கத்து வீடுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். அங்கே காயில் அடிக்கடி போவதற்கு மெக்கானிக்கையோ கம்பெனியையோ திட்டிப் பயனில்லை.

சுத்தமெல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் குளிரவில்லை. இப்போதும் கேஸைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை ஏ.சி.யின் மேல்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் சில நிமிடம் வையுங்கள். பிறகு வெளிவரும் வாயில் வையுங்கள். கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் எந்திரம் நன்றாகவே இருக்கிறது. குறை அறையில் இருக்கிறது. ஈரமான இரவில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறைவாக இருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை என்றால், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி ஒன்பது மணிக்கும் கூரையிலிருந்து வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். அதற்கு மாடியில் வெள்ளை அடிப்பதுதான் மருந்து. பழைய நிலையான வேக ஏ.சி. என்றால் சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர் வலுவிழந்து அவுட்டோர் விசிறி மெதுவாகச் சுற்றக்கூடும்; அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாயு உண்மையிலேயே குறைந்திருந்தால் அறிகுறிகள் வேறு. காயிலின் ஒரு ஓரம் மட்டும் பனி பிடிக்கும், மிச்சப் பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். அவுட்டோரில் மெல்லிய குழாயின் வால்வில் பனி தெரியும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஆனால் இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் கலந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் கறுப்பாக ஒட்டியிருக்கும். குழாய்கள் சேரும் நான்கு நட்டுகளிலும், காயிலின் ஓர வளைவுகளிலும் அந்தக் கறையைத் தேடலாம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் சந்தேகம் தீரும். கசிவை அடைத்த பிறகு வேக்கம் பம்ப்பால் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். நேரமில்லை என்று பலர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, இரண்டு வருஷத்தில் கம்ப்ரசரின் சுருளைக் காவு வாங்கும். கடைசியாக, யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறதோ அத்தனையை எடை போட்டு நிரப்ப வேண்டும். தராசு கொண்டுவராத மெக்கானிக் கண்ணால் அளக்கிறார் என்று பொருள். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும் வாயு. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பற்றும். வாயு உள்ளே இருக்கும்போது பற்றவைக்கும் வேலை கூடாது.

இந்த வாயு வெளியே போனால் நம் பணம் மட்டும் போவதில்லை. சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் அது நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் 675 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ என்று வைத்தால், ஒரு கிலோ ஆர்-410ஏ கசிவது ஏறத்தாழ 3,000 யூனிட் மின்சாரம் செலவழிப்பதற்குச் சமம். இதனால்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் இவ்வகை வாயுக்களைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. வருஷாவருஷம் டாப்-அப் செய்யும் ஏ.சி. ஒன்று, வருஷாவருஷம் காற்றில் இதைத் திறந்துவிடுகிறது.

வெப்பநிலையை எங்கே வைப்பது என்பதில் எல்லா வீட்டிலும் ஒரு சண்டை உண்டு. 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பொய். ஏ.சி. தன் முழு வேகத்துக்கு மேல் ஓட முடியாது. 16 என்பது எப்போது நிறுத்துவது என்ற கட்டளை மட்டுமே. 2020 முதல் விற்கும் நட்சத்திரக் குறியீட்டு ஏ.சி.கள், போட்டதும் 24-இல் தொடங்க வேண்டும் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் விதி; ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அதன் கணிப்பு. 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் உடம்புக்கு 24 மாதிரியே இருக்கும். தமிழ்நாட்டில் இந்தச் சிறு வித்தியாசத்துக்குக் கூடுதல் மதிப்பு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகள் மட்டுமல்ல, 101 முதல் 200 வரை உள்ளவையும் உயர்ந்த விலைக்குப் போகின்றன. தூசி அடைந்த ஃபில்டர் ஒரு வீட்டை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ளிவிடும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிரச்சினை தலைகீழ், எந்திரம் அதேதான். நான்கு வழி வால்வு ஒன்று வாயுவின் திசையை மாற்றிவிட்டால் ஏ.சி. வெளிக்காற்றின் வெப்பத்தை அள்ளி அறைக்குள் கொட்டும். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். இது இரண்டரை, மூன்று தரும். அங்கேயும் ஃபில்டரைக் கழுவத்தான் வேண்டும்.

வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுபவர் பம்ப்-டவுன் செய்கிறாரா என்று கவனியுங்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவுட்டோரில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடுவார். கம்ப்ரசர் குழாயில் உள்ள வாயுவையெல்லாம் இழுத்து அவுட்டோருக்குள் சேர்த்துக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துவார். வாயு பத்திரமாக அடுத்த வீட்டுக்கு வரும். குழாயில் கசிவு இருக்கும் ஏ.சி.யில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு எண்ணெயோடு சேர்ந்து கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. பழைய ஏ.சி.யைக் காயலான் கடைக்குப் போட்டால், அங்கே செம்புக்காக முதல் வேலையாகக் குழாயை அறுத்துவிடுவார்கள். ஒரு கிலோ வாயுவும் அரை நிமிடத்தில் போய்விடும். மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் சேர்ந்திருப்பதால், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளும் கடைக்கோ கொடுக்கலாம். கொடுக்கும் முன், வாயுவைத் தனி சிலிண்டரில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.